டவர் வைக்க வருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்

சென்ற வாரம் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பத்திரமாகப் பிடித்தபடி என்னைத் தேடி வந்தார். உள்ளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் பெயரில் ஒரு ‘தடையில்லாச் சான்றிதழ்’. மொட்டை மாடியில் செல்போன் டவர், லட்சங்களில் முன்பணம், மாத வாடகை, மகனுக்கு வேலை. இவற்றை நம்பிப் பதிவுக் கட்டணம், காப்பீடு, வரி என்று நான்கு தவணைகளில் 68,000 ரூபாய் கட்டிவிட்டார். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த ஐந்தாவது ஆள் அவர். டவருக்கு இடம் பார்ப்பதே என் தொழில். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

“ட்ராய் சான்றிதழ் இருக்கிறதே சார்!” ஐந்து பேரும் இதைத்தான் சொன்னார்கள். ட்ராய் 1997இல் அமைக்கப்பட்ட ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் மாடியில் டவர் வைக்க அது சான்றிதழ் தருவதில்லை. கட்டணம் வாங்குவதில்லை, வரி வாங்குவதில்லை. அந்த ஆணையமே இதைப் பலமுறை அறிவித்துவிட்டது. ஆகவே ட்ராய் சான்றிதழ் என்று ஒருவர் நீட்டினால், அந்தத் தாளே அவர் மோசடிக்காரர் என்பதற்குச் சாட்சி. முத்திரையும் கையெழுத்தும் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் சரி!

மக்கள் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் நாட்டின் முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். அந்த நாட்களில் சேவை தந்த நிறுவனங்களே டவர்களையும் வைத்திருந்தன. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி. பிறகு தமிழகமெங்கும் ஏர்செல். 2007இல் பார்தி, வோடபோன், ஐடியா ஆகிய போட்டியாளர்கள் மூவரும் கைகோத்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கினார்கள். ஒரே டவரில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் ஏறின. இன்று உங்களிடம் இடம் கேட்டு வருவது பெரும்பாலும் இத்தகைய டவர் நிறுவனம்தான். விளம்பரம் செய்யாததால் அதன் பெயர் உங்களுக்குத் தெரியாது. மோசடிக்காரர்களோ உங்களுக்குத் தெரிந்த சிம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

எந்த இடத்தில் சிக்னல் குறைகிறது என்று பொறியாளர்கள் வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வட்டத்துக்குள் நாங்கள் நேரில் வந்து மாடி ஏறிப் பார்ப்போம், கட்டடத்தின் உறுதியைச் சோதிப்போம், பத்திரத்தைப் படிப்போம். குறுஞ்செய்தியில் யாருக்கும் டவர் ‘ஒதுக்கீடு’ ஆவதில்லை. பணம் எங்களிடமிருந்து உங்களுக்குத்தான் வரும். ஒரு ரூபாய்கூட உங்களிடமிருந்து எங்களுக்கு வராது.

யாராவது வந்தால் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் பதிவுபெற்ற உள்கட்டமைப்பு நிறுவனங்களின், அதாவது டவர் நிறுவனங்களின், பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். ஆதார் நகலையும் பாஸ்புக் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பணம் கட்டிவிட்டீர்களா? அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன்பு முடக்க வாய்ப்பிருக்கிறது.

தயவுசெய்து வீட்டில் மறைக்காதீர்கள். அந்தப் பெரியவர் மகன் திட்டுவான் என்று பயந்து மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நான்காவது தவணையை அவர் கட்டியது அந்த மூன்று வாரத்தில்தான்.