கேனிஸ்டர் ஃபில்டரில் முதலில் வர வேண்டியது ஸ்பாஞ்ச்

மீன் தொட்டிப் பராமரிப்பு என் தொழில். சென்னையில் வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போய் கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) திறக்கும்போது அடிக்கடி ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். அடிப் பாஸ்கெட்டில் விலை உயர்ந்த செராமிக் ரிங், அதன்மேல் கெட்டியாகப் படிந்த பழுப்புச் சேறு. நடுவில் பயோ பால் என்ற பிளாஸ்டிக் உருண்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கிய நாளில் இருந்த நிறம்கூட மாறாத ஸ்பாஞ்ச். "நல்ல மீடியாதான் சார் போட்டிருக்கேன், ஆனாலும் மீன் மேலே வந்து வாயைத் திறக்குது" என்பார்கள். மீடியாவில், அதாவது ஃபில்டருக்குள் அடுக்கும் பொருட்களில், குறையில்லை, அடுக்கிய வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

இந்தக் குழப்பம் வர ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் பலரும் தொட்டியின் மேல் வைக்கும் டாப் ஃபில்டரில் தொடங்கியவர்கள். அதில் தண்ணீர் மேலிருந்து கொட்டும், அதனால் ஸ்பாஞ்ச் மேலே இருப்பதுதான் சரி. கேனிஸ்டரில் பெரும்பாலான மாடல்களில் மோட்டார் மேல் மூடியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஓரமாக அடிக்கு இறங்கி, அங்கிருந்து பாஸ்கெட்டுகள் வழியாக மேலே ஏறுகிறது. அழுக்கோடு வரும் தண்ணீர் முதலில் தொடுவது அடிப் பாஸ்கெட்டைத்தான். சில மாடல்களில் ஓட்டம் வேறு மாதிரி இருக்கும் என்பதால், பெட்டியோடு வந்த கையேட்டில் ஓட்டத்தைக் காட்டும் அம்புக்குறியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கீழிருந்து மேலே ஏறும் ஃபில்டரில் நான் அடுக்கும் முறை இது. அடியில் பெரிய துளையுள்ள கரடுமுரடான ஸ்பாஞ்ச், அதன்மேல் சற்று நெருக்கமான துளையுள்ளது. அடுத்த பாஸ்கெட்டுகள் முழுக்க பயோ மீடியா, அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேறும் செராமிக் ரிங் மாதிரியானவை. கடைசியில், மூடிக்குக் கீழே, மெல்லிய வெள்ளைப் பஞ்சு. பஞ்சை பயோ மீடியாவுக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் அங்கே அது சில நாட்களிலேயே அடைத்துக்கொண்டு மொத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். மேலே இருந்தால் அதற்கு வரும் அழுக்கு குறைவு, மூடியைத் திறந்ததும் கைக்கு எட்டும். மாதம் ஒருமுறைகூடத் திறக்க மாட்டேன் என்பவர்கள் பஞ்சே போட வேண்டாம்.

இதைவிடவும் நல்ல வேலை, தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ப்ரீ-ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாட்டுவது. வாரம் ஒருமுறை அதை மட்டும் கழற்றிப் பிழிந்தால் போதும். பெரும்பாலான குப்பை கேனிஸ்டருக்குள் போகவே போகாது. கோல்ட் ஃபிஷ், ஆஸ்கார் மாதிரி கழிவு அதிகம் விடும் மீன் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் கட்டாயமாகவே சொல்வேன்.

பயோ மீடியாவில் எது சிறந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா எந்த நுண்துளைக் கல்லிலும் குடியேறும். செராமிக் ரிங், லாவா கல் எதுவானாலும் சரி, ஏன், ஸ்பாஞ்சிலும் அது நன்றாகவே வளரும். பயோ பாலை மட்டும் கேனிஸ்டரில் நான் தவிர்க்கிறேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காற்றோடு விழும் ஃபில்டருக்காக வந்த பொருள் அது. மூழ்கிக் கிடக்கும்போது, அடைக்கும் இடத்துக்கு ஏற்ற பரப்பை அது தருவதில்லை.

அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டியது ஆக்சிஜன், அதுவும் நிறைய. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற சுமார் 4.5 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 30 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சமாகக் கரைந்திருப்பதோ சுமார் 7.5 மில்லிகிராம்தான். நம் வெயில் காலத்தில் கையிருப்பு இவ்வளவே. கல்லின்மேல் சேறு மூடினால் அதுவும் உள்ளே போகாது, சேறு அழுகுவதற்கே பாதி செலவாகிவிடும். விலை உயர்ந்த கல்லை அடியில் போட்டவர் அதைக் குப்பைத் தொட்டியாக மாற்றியிருக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) கூடுதலாக இருக்கலாம். பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷமுள்ள பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் இதே ஆக்சிஜன் கணக்குதான் ஆபத்தாகிறது. கேனிஸ்டர் மூடிய பாத்திரம். ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா சாகத் தொடங்கி, தண்ணீர் நாற ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகிறது. "கரண்ட் வந்த அப்புறம்தான் சார் மீன் செத்துச்சு" என்று வரும் போன்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். சில மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், பயோ மீடியா பாஸ்கெட்டை எடுத்து தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து, பேட்டரி ஏர் பம்ப் போடுங்கள். முடியாவிட்டால், கரண்ட் வந்ததும் உடனே ஓட விடாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபில்டரை அந்த லைனில் கொடுத்துவிடலாம், வீட்டு கேனிஸ்டர் இழுக்கும் மின்சாரம் ஒரு ஃபேன் அளவுகூட இருக்காது.

ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் தேவையில்லை. மருந்து போட்டு முடித்த பிறகு மிச்சத்தை எடுக்கவும், மரக்கட்டை விடும் மஞ்சள் நிறத்தைப் போக்கவும் போடலாம். மருந்து போடும் நாட்களில் அது உள்ளே இருந்தால் மருந்தையே இழுத்துவிடும். சில வாரங்களில் அதன் சக்தியும் தீர்ந்துவிடும்.

ஜியோலைட் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனம். நன்னீரில் இந்தக் கனிமக் கல் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். ஆனால் வெள்ளைப் புள்ளி நோய் என்று தொட்டியில் கல் உப்பு போட்டால், உப்பில் உள்ள சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, சேர்ந்திருந்த அம்மோனியாவை வெளியே தள்ளிவிடும். நோயில் தளர்ந்த மீன் அந்த அம்மோனியாவையும் தாங்க வேண்டியிருக்கும். ஃபில்டரில் ஜியோலைட் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு அப்புறம் உப்பு போடுங்கள்.

கழுவும்போது மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் கிருமிக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கும் வித்தியாசம் பார்க்காது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள், பயோ மீடியாவை லேசாக அலசினால் போதும். பழைய மீடியாவை மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அடுத்த பங்கைச் சில வாரம் கழித்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாட்கள் தீனியைப் பாதியாகக் குறைத்து, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பாருங்கள். கொஞ்சம் காட்டினாலும் ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரால் தொட்டியில் கால் பங்கை மாற்றிவிடுங்கள்.