கேமராவின் கண்ணுக்குக் கட்டிய அறை

செய்தி ஸ்டுடியோவுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவுதானா?" திரையில் மண்டபம் மாதிரி தெரிந்த இடம் நேரில் சுருங்கிப்போய் இருக்கும். தலைக்கு மேலே கருப்புக் குழாய்களில் விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மேஜையின் முன்பக்கம் பளபளக்கும். பின்பக்கம் போனால் பெயின்ட் அடிக்காத பிளைவுட்டும் ஒயர்களும்தான். இரண்டு பேர் சேர்ந்து செய்தி வாசிக்கும் நிகழ்ச்சி என்றால் இருவரும் கிட்டத்தட்ட தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். வழக்கமாகப் பேசும் இடைவெளியில் உட்கார்ந்தால், திரையில் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் போலத் தெரியும்.

யாரும் அரைகுறையாக வேலை பார்த்துவிட்டுப் போனதால் வந்ததில்லை இது. கேமராக்கள் நிற்கும் நாலைந்து இடங்களிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் செட்டின் வேலை. கேமரா பார்க்கும் விதமோ நம் கண் பார்க்கும் விதம் இல்லை. செட்டில் இருக்கும் விசித்திரங்களில் பெரும்பாலானவை அந்த வித்தியாசத்தால் வந்தவை. அதில் இன்றைக்கு மிகப் பெரிய தலைவலி, வாசிப்பவருக்குப் பின்னால் நிற்கும் எல்இடி சுவர்.

அந்தச் சுவர் ஒரே திரை இல்லை. சின்னச் சின்னப் பலகைகளைக் கோத்துச் சேர்த்தது. ஒவ்வொரு பலகையிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த ஒளிப்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை பிட்ச் என்பார்கள், ஸ்டுடியோக்களில் 1.2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை பரவலாகப் பயன்படுகிறது. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரும் இதேபோல் புள்ளிகளின் கட்டம்தான். ஆக, ஒரு கட்டத்தை இன்னொரு கட்டம் பார்க்கிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எந்த வலையிலும் இல்லாத அலையலையான கோலம் ஒன்று தோன்றுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. இதற்கு மோய்ரே என்று பெயர். கட்டம்போட்ட சட்டையும் மெல்லிய கோடுபோட்ட சேலையும் திரையில் நெளிவதும் இதனால்தான். அதனால்தான் ஆடை விஷயத்தில் வாசிப்பவர்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு.

எப்போது நெளியும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எச்டி கேமராவின் படத்தில் குறுக்குவாக்கில் 1920 புள்ளிகள். சுவரில் 3 மீட்டர் அகலம் படத்துக்குள் வருகிறது என்றால், கேமராவின் ஒரு புள்ளி சுவரில் சுமார் 1.56 மில்லிமீட்டரைப் பார்க்கிறது. சுவரின் பிட்ச் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் சரியாக ஒன்றில்லை. மோய்ரேவுக்கு இதைவிட வசதியான நிலைமை கிடையாது. அதே கேமரா 10 மீட்டர் அகலத்தைப் பார்த்தால் ஒரு புள்ளிக்குள் மூன்றுக்கும் மேற்பட்ட எல்இடிகள் கலந்துவிடும்; தொல்லை வெகுவாகக் குறையும். கேமராமேன் மெதுவாக ஜூம் செய்யும்போது இந்த விகிதம் நொடிக்கு நொடி மாறுவதால், கோலம் சுவர் முழுக்க ஊர்ந்து போகும். நின்ற இடத்தில் நிற்கும் கோலத்தையாவது பார்வையாளர் கவனிக்காமல் விடலாம். ஊர்கிற கோலத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது.

நேரடியான மருந்து, சுவரை ஃபோகஸிலிருந்து கொஞ்சம் தள்ளிவிடுவது. புள்ளிகள் லேசாகக் கலங்கினாலே கட்டம் மறைந்துவிடும். ஆனால் ஸ்டுடியோ கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது மூலைக்கு மூலை 11 மில்லிமீட்டரே உள்ள சின்ன சென்சார். சின்ன சென்சார் என்றால் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் சேர்ந்தே தெளிவாக விழும். ஆகவே ஆளுக்கும் சுவருக்கும் இடையில் நிஜமான தூரம் வேண்டும். குறைந்தது 2, 3 மீட்டராவது. சின்ன அறையில் பெரிய சுவரை மாட்டி, அதற்கு ஒட்டினாற்போல் மேஜையைப் போட்டுவிட்டு, அப்புறம் படம் நெளிகிறது என்று புலம்புவதில் பிரயோசனமில்லை. என்னைக் கேட்டால், சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வெறும் காலி இடத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது சிமிட்டல். எல்இடி சுவரில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால், புள்ளிகள் மங்கலாக எரிவதில்லை. பாதி நேரம் முழுசாக எரிந்து, பாதி நேரம் அணைந்துவிடும். இது வெகு வேகமாக நடப்பதால் கண் அதைச் சராசரியாக்கிக்கொள்கிறது. கேமரா அப்படிச் செய்வதில்லை. 1/50 வினாடி ஷட்டரைத் திறந்து, அதற்குள் வந்த ஒளியை மட்டும் எண்ணிக்கொள்கிறது. சுவர் வினாடிக்கு 180 முறை சிமிட்டினால் அந்த நேரத்துக்குள் வருவது மூன்றரைக்குச் சற்று மேற்பட்ட சிமிட்டல்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும் வகை என்றால், சில வரிகளுக்கு 3 கிடைக்கும், சிலவற்றுக்கு 4. அந்த வித்தியாசம் படத்தில் கருப்புப் பட்டைகளாக ஓடும். 3840 முறை சிமிட்டும் சுவரிலோ 76 அல்லது 77 சிமிட்டல். ஒரு சதவீதத்துக்கும் சற்றே கூடுதலான வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்டுடியோவுக்கு விற்கும் சுவர்களில் இந்த 3840 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதற்கு இதுதான் காரணம். இதோடு கேமராக்களையும் சுவரை இயக்கும் கருவியையும் ஒரே தாளத்தில் கட்டிவைப்பார்கள். ஜென்லாக் என்பது அதுதான்.

வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு சிக்கல். ஒரு இடத்தில் விழும் ஒளியை லக்ஸிலும், ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் பிரகாசத்தை நிட்டிலும் அளப்பார்கள். மேஜைமேல் 600 லக்ஸ் ஒளி விழுகிறது என்றால், அங்கே உள்ள வெள்ளைத்தாளின் பிரகாசம் சுமார் 170 நிட். முகம் அதைவிடக் குறைவு. பின்னால் உள்ள சுவரோ முழு வீச்சில் 600, 800 நிட் கொடுக்கக்கூடியது. அப்படியே விட்டால் வாசிப்பவர் ஜன்னலுக்கு முன் நிற்கும் நிழலாகிவிடுவார். எனவே சுவரை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குகிறார்கள். இறக்கினால் எரியும் நேரம் குறைகிறது. எரியும் நேரம் குறைந்தால் நிறங்களுக்கு இடையிலான படிகளும் குறைகின்றன. அடர்நீலத்திலிருந்து மெல்லக் கருப்பாகும் பின்னணியில் அந்தப் படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். செய்தி சேனல்களுக்குப் பிடித்த பின்னணியும் அதே அடர்நீலம்தான் என்பது தனிச் சோகம்.

நிறத்தையும் பொருத்த வேண்டும். வெள்ளை ஒளியின் நிறச்சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடக் கூட அது நீலத்தின் பக்கம் சாயும். இன்றைய ஸ்டுடியோ விளக்குகள் பெரும்பாலும் பகல் ஒளியை ஒத்த 5600 கெல்வினில் இருக்கும். பழைய டங்ஸ்டன் விளக்குகள் 3200 கெல்வின். சுவரோ வாங்கும்போதே 6500 அல்லது அதற்கு மேல் வைக்கப்பட்டிருக்கும். முகத்துக்குச் சரிசெய்த கேமராவில் அந்தச் சுவரின் வெள்ளை நீலம் பாய்ந்து விழும். சுவரும் ஒரு விளக்குதான் என்பது இன்னொரு தொல்லை. பிரேக்கிங் நியூஸ் என்று சுவர் முழுக்கச் சிவப்பைக் கொட்டும்போது வாசிப்பவரின் காது மடலையும் தோள்பட்டையின் ஓரத்தையும் கவனியுங்கள், சிவந்துவிடும்.

விளக்குகளின் பாலபாடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முன்னால் சற்று மேலிருந்து கீ லைட், அது போடும் நிழலைத் தணிக்க ஃபில், தலைமுடியையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்ட பேக் லைட். செட் அமைப்பவருக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. முகத்துக்கு அடித்த ஒளி தப்பித் தவறி எல்இடி சுவரில் விழுந்தால் சுவரின் கருப்பு சாம்பலாகிவிடும். அதனால் விளக்குகளின் வாயில் கட்டம் கட்டமான தடுப்பு மாட்டி ஒளியை ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனி விளக்குக் கணக்கு. நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் மூக்கின் நிழல் இடம் மாறிவிடும். தரையில் டேப் ஒட்டி இடம் குறித்திருப்பது சும்மா இல்லை.

மேஜைக்கு வருவோம். வெளிர் நிற மேல்பலகை, மேலிருந்து விழும் ஒளியைத் திருப்பி முகத்துக்குக் கீழிருந்து அனுப்பும். கண்குழியிலும் தாடைக்கடியிலும் உள்ள இருட்டு தானாகக் கலையும். வாசிப்பவர் முன்னால் பரப்பிய வெள்ளைத்தாள்களும் கொஞ்சம் இந்த வேலையைச் செய்கின்றன, அதில் எழுத்தே இல்லாவிட்டாலும். பளபளப்பு மட்டும் அளவோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே தொங்கும் விளக்கெல்லாம் மேஜையில் தெரியும்.

ஒளி போலவே ஒலியும் மேஜையில் பட்டுத் திரும்புகிறது. வாயிலிருந்து சட்டையில் குத்திய மைக்குக்கு நேராகப் போகும் குரல் ஒன்று. மேஜையில் பட்டு எழும்பி வரும் அதன் நகல் இன்னொன்று. நகல் 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மில்லிவினாடி தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் நேர்க்குரலும் நகலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். எல்இடி சுவர், கண்ணாடி, மெழுகுபோல் வழுக்கும் தரை என்று இன்றைய செட்டில் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பொருட்கள். எனவே கேமராவுக்குத் தெரியாத பக்கங்கள், கூரை எல்லாவற்றிலும் ஒலியை விழுங்கும் பலகைகளை அடிக்கிறார்கள். தரையை மட்டும் தொட முடியாது. கேமரா ஓடும்போது ஒரு சின்ன மேடு இருந்தாலும் நெருக்கமான காட்சியில் படம் குலுங்கிவிடும்.

1980-ல் சிஎன்என் தொடங்கியபோது வாசிப்பவருக்குப் பின்னால் உண்மையான செய்தி அறையே தெரிந்தது. ஆட்கள் நடந்துகொண்டும் போனில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். பிற்பாடு பல நிறுவனங்கள் இதைக் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோயின. சத்தம் குறைந்தது, பிரதிபலிப்பு வந்தது. அதற்குக் கண்ணாடியை நேர்ச்செங்குத்தாக நிறுத்தாமல் சில டிகிரி சாய்த்துவிடுகிறார்கள்; விளக்கின் பிம்பம் லென்ஸுக்கு வராமல் தரைக்குப் போய்விடும்.

செட்டே இல்லாமல் செட் போடுவதும் உண்டு. 1993-ல் பிபிசி தன் செய்திகளுக்குக் கணினியில் வரைந்த பின்னணியைக் கொண்டுவந்தது. இன்றைய விர்ச்சுவல் செட்டில் ஆள் பச்சைச் சுவருக்கு முன் நிற்கிறார்; படத்தில் பச்சை உள்ள இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு அங்கே வரைந்த செட்டை வைக்கிறார்கள். பச்சை ஏன்? மனிதத் தோலில் அந்த நிறம் குறைவு என்பது பாதிக் காரணம். எச்டி சிக்னலில் பிரகாசத்தின் 72 சதவீதத்தைப் பச்சைதான் சுமக்கிறது என்பதால் அதில் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கலங்கல், குறைவு; தலைமுடி ஓரத்தைச் சுத்தமாக வெட்டலாம் என்பது மீதிக் காரணம். கேமரா நகர்ந்தால் வரைந்த செட்டும் அதே அளவு நகர வேண்டும் அல்லவா? கூரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டி, கேமராமேல் உள்ள சிறு உணரி அவற்றைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு, வரைதல் எல்லாம் முடிய நான்கு ஃபிரேம் ஆகிறது என்றால், வினாடிக்கு 25 ஃபிரேமில் அது 160 மில்லிவினாடி. குரலையும் அதே அளவு தாமதிக்காவிட்டால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இத்தனைக்குப் பிறகும் ஆள் மிதப்பதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் காலடியில் நிழல் சரியில்லை என்று அர்த்தம்.

சாதாரணப் பிழைகளும் உண்டு. பலகைகள் சேரும் குறுக்குக்கோடு வாசிப்பவரின் கழுத்து உயரத்தில் வந்தால் தலையைத் துண்டித்ததுபோல் இருக்கும். அதனால் நாற்காலியில் ஓர் ஆளை உட்காரவைத்து, கேமரா உயரத்திலிருந்து பார்த்த பிறகே கோடுகளை முடிவுசெய்கிறார்கள். படத்தின் கீழ்ப்பகுதியைப் பெயர்ப்பட்டையும் ஓடும் செய்தியும் மூடிவிடும் என்பதால், அங்கே செய்த வேலைப்பாடு பெரும்பாலும் வீண். இப்போது போன் திரையும் சேர்ந்துகொண்டது. 1920க்கு 1080 படத்திலிருந்து நெடுவாக்கில் ஒரு துண்டை வெட்டினால் அகலம் 608 புள்ளிகள்தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சேனலின் பெயரைச் சுவரின் ஒரு கோடியில் வைத்திருந்தால் அந்தத் துண்டில் அது வரவே வராது. ஆகவே புது செட்டைத் திட்டமிடும்போதே ஒவ்வொரு இருக்கைக்குப் பின்னாலும் அந்த 608 புள்ளிகளுக்குள் என்ன தெரியும் என்று தனியாக வரைந்து பார்த்துவிட வேண்டும்.