ஈர்ப்பலை: இதில் 'புவி' எதற்கு?

'புவியீர்ப்பு அலை' என்று எங்கே படித்தாலும் அந்தப் 'புவி'யை அடித்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். எழுதுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பள்ளிக்கூடத்தில் ஈர்ப்பு என்றாலே புவியீர்ப்பு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம், கிராவிட்டேஷனல் வேவ் என்று பார்த்ததும் கை தானாகப் புவியைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடிபட்ட அலை கிளம்பிய இடம் சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அங்கே இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகக் கலந்தன, அந்த அதிர்வுதான் இவ்வளவு தூரம் வந்தது. பூமி அந்த அலையின் வழியில் இருந்தது, அவ்வளவுதான் இதில் பூமியின் பங்கு.

சரியான சொல் ஈர்ப்பலை. பிரித்து ஈர்ப்பு அலை என்று எழுதினாலும் தவறில்லை. ஒலியலை, நுண்ணலை, வானலை என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு குடும்பமே இருக்கிறது, அதில் இதுவும் இடிக்காமல் உட்கார்ந்துகொள்கிறது. 'ஈர்ப்பு விசை அலை' என்றும் சிலர் எழுதுகிறார்கள், அந்த 'விசை'யும் வேண்டாம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வேர். கிராவிட்டி என்பது லத்தீனில் 'கனமான' என்று பொருள்படும் கிராவிஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் 'குரு' என்றாலும் கனம்தான், இரண்டும் ஒரே வேரில் பிரிந்த உறவுச் சொற்கள். இந்தியிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் 'குருத்வ' என்று தொடங்குவது அதனால்தான். அவர்கள் பெயர் வைத்தது பொருளின் கனத்தைப் பார்த்து. தமிழ் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய தமிழ் அறிவியல் கட்டுரைகளில் 'ஆகர்ஷண சக்தி' என்று இருக்கும், அதுவும் இழுப்பதைத்தான் சொல்கிறது, அப்புறம் அந்த இடத்தில் 'ஈர்ப்பு' வந்து நிலைத்துவிட்டது.

ஈர்த்தல் என்றால் இழுத்தல். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு ஈர் இருக்கிறது, ஈர்தல், அதாவது அறுத்தல். மரம் அறுக்கிற ரம்பத்துக்கு ஈர்வாள் என்று பெயர் வந்தது இப்படித்தான், 'உயிர்ஈரும் வாளது' என்று குறளில் வருவதும் இந்த ஈர்தல்தான். வினை திரியும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்: காந்தம் ஈர்க்கும், வாள் ஈரும்.

அலை இன்னும் அழகான சொல். அலைதல் என்றால் ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது. கடலில் மிதக்கிற ஒரு தக்கையைப் பார்த்தால் அது ஏறக்குறைய அதே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அலை மட்டும் அதைத் தாண்டிக் கரைக்குப் போய்விடும். நீர் இருக்குமிடத்தில் இருக்க, அதன் அசைவு அலைகிறது. ஈர்ப்பலைக்கும் இது அப்படியே பொருந்துகிறது, அங்கே நீருக்குப் பதிலாக அசைவது காலவெளி, அதாவது இடமும் காலமும் ஒன்றாகப் பின்னிய வெளி.

அது எப்படி அசைகிறது என்று கையால் பார்க்க வேண்டுமென்றால் குக்கர் மூடியிலிருந்து கேஸ்கட்டைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு விரல், உங்கள் பக்கம் ஒரு விரல் வைத்து லேசாக அழுத்தினால் வட்டம் இடவலமாக நீளும். விட்டுவிட்டு இடமும் வலமும் அழுத்தினால் மற்றத் திசையில் நீளும். இதையே மாறி மாறிச் செய்துகொண்டிருங்கள். கூரையைத் துளைத்துக்கொண்டு நேர் செங்குத்தாக ஓர் ஈர்ப்பலை இறங்கினால் அந்த மேசையில் இருப்பதற்கெல்லாம் நடப்பது இதுதான், ஒரு திசையில் நீட்சி, அதே நொடியில் குறுக்குத் திசையில் சுருக்கம். இங்கே யாரும் எதையும் பிடித்து இழுக்கவில்லை, இடமே நீண்டு சுருங்குகிறது. 'விசை' வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

அப்படியானால் 'ஈர்ப்பு' மட்டும் எதற்கு, ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஈர்ப்பே இழுப்பு கிடையாது, காலவெளியின் வளைவுதானே, பேசாமல் காலவெளி அலை என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் தென்னையிலிருந்து தேங்காயை விழவைக்கிற அதே ஒன்றுதான் அலையாகவும் வருகிறது என்ற தொடர்பு அறுந்துபோகும். படிக்கிறவருக்கு அந்தத் தொடர்பு வேண்டும். கனத்தைச் சொல்கிற லத்தீன் சொல்லிலும் வளைவு இல்லைதானே, உலகம் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த அலைக்கு முதலில் பெயர் வைத்தவர் ஐன்ஸ்டைன் இல்லை. 1905-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹென்றி புவான்கரே ஈர்ப்பும் ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவ வேண்டும் என்று எழுதி அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். 1916-ல் ஐன்ஸ்டைன், ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகச் சொல்லும் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலிருந்து அதைக் கணக்காகக் கொண்டுவந்தார், 1936-ல் அவருக்கே அப்படி ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, அப்புறம் திருத்திக்கொண்டார். 1960-களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, அலை வந்தால் அவை மணிபோல அதிரும் என்று காத்திருந்தார். 1969-ல் கண்டுவிட்டதாக அறிவித்தார், மற்றவர்கள் செய்து பார்த்தபோது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் இதைத் தேடிப் பிடிக்க முடியும் என்று களத்தில் இறங்கிய முதல் ஆள் அவர், அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 1974-ல் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டை விண்மீன், ஈர்ப்பலையாக ஆற்றலை இழந்தால் எவ்வளவு நெருங்குமோ அவ்வளவே நெருங்கி வருவது பின்னால் தெரிந்தது. அது மறைமுகச் சான்று.

நேரடியாகப் பிடித்தது லைகோ என்ற அமெரிக்க ஆய்வகம். ஹான்ஃபோர்டில் ஒன்று, சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி லிவிங்ஸ்டனில் ஒன்று, ஒவ்வொன்றிலும் செங்கோணமாகப் பிரியும் இரண்டு 4 கிலோமீட்டர் குழாய்கள். கேஸ்கட்டில் பார்த்தோமே, ஒரு பக்கம் நீண்டால் மறுபக்கம் சுருங்கும் என்று, அதை அளக்கத்தான் இந்தச் செங்கோணம். ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பி, மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்கும் 40 கிலோ ஆடிகளில் பட்டுத் திரும்பியதும் ஒன்றுசேர்த்துப் பார்க்கிறார்கள். கருவிக்குத் தமிழில் குறுக்கீட்டுமானி. 2015-ல் அந்த முதல் அலை வந்த அன்றைக்கு, அந்த 4 கிலோமீட்டரில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு. இந்திய நேரப்படி பிற்பகல் 3:20 இருக்கும், லிவிங்ஸ்டனில் தட்டிய அலை சுமார் 7 மில்லி நொடி கழித்து ஹான்ஃபோர்டிலும் தட்டியது. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 62 மடங்கு ஆனது, மீதி 3 சூரியன் அளவு நிறை முழுக்க ஈர்ப்பலையாகப் போயிருந்தது. இதற்காக 2017-ல் லைகோவின் வெய்ஸ், தோர்ன், பாரிஷ் மூவருக்கும் நோபல்.

சரி, 'புவி'க்கு வருவோம். ஆங்கிலத்தில் கிராவிட்டி வேவ் என்று இன்னொன்று இருக்கிறது, நம் ஈர்ப்பலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேலே எழும்பிய கடல்நீரையோ காற்றையோ பூமி கீழே இழுக்க, அது தாழ்ந்து மறுபடி எழ, இப்படி உண்டாகிற சாதாரண அலை அது. வானத்தில் சில நேரம் மேகம் வரிவரியாக உழுத வயல்போல இருக்குமே, பல நேரம் அது இந்த அலையின் வேலைதான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பெயரும் காதில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுகிறது, குழப்பமும் தீர்ந்தபாடில்லை. நமக்கோ புவியீர்ப்பு, ஈர்ப்பு என்று இரண்டு சொல் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மேகத்தில் வரி போடுவது புவியீர்ப்பு அலை, கருந்துளைகளிடமிருந்து வருவது ஈர்ப்பலை என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. செவ்வாயின் காற்றிலும் அதே மாதிரி அலைகள் உண்டு, அங்கே 'புவி' பொருந்தாது, கோளீர்ப்பு அலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதன் கூடவே வரும் இரண்டு சொற்கள். நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதற்குப் பாடநூல்களில் இருக்கும் 'திரிபு' போதும், புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். இன்னொன்று, கருந்துளைகள் நெருங்க நெருங்க அலையின் அதிர்வெண் சரசரவென்று ஏறும், லைகோவில் அது 0.2 நொடிக்குள் 35-லிருந்து 250 ஹெர்ட்ஸுக்குப் போனது. ஒலியாக மாற்றிக் கேட்டால் அடித்தொண்டையில் தொடங்கி 'வ்வூப்' என்று மேலே போய் அறுந்துவிடும். ஆங்கிலத்தில் அதைச் சிர்ப் என்கிறார்கள், குருவிச் சத்தம். நான் 'கீச்சு' என்று எழுதுகிறேன்.