முதல் ஆளோட முட்டி போனா அடுத்து யாரு? ரன்னிங் பேக் டெப்த் எப்படி வேலை செய்யுது

2015 அக்டோபர் 10. நாக்ஸ்வில்ல இருக்கிற நேலண்ட் ஸ்டேடியம், அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல டென்னஸியும் ஜார்ஜியாவும் மோதுற மேட்ச். ஜார்ஜியாவோட முதல் ப்ளேலயே அவங்க ரன்னிங் பேக் நிக் சப் பந்த வாங்கிட்டு மைதானத்தோட ஓரத்துக்கு ஓடுறாரு, எதிராளி வந்து பிடிச்சு தள்றாங்க, இடது கால் புல்லுல ஊனி நின்னுடுது, மேல இருக்கிற உடம்பு மட்டும் போய்ட்டே இருக்கு, நடுவுல மாட்டுன முட்டி போகக்கூடாத பக்கமா வளையுது. அந்த வீடியோவ என்னால இன்னைக்கும் முழுசா பார்க்க முடியாது. அதுக்கு முன்னாடி வரிசையா 13 மேட்ச்ல 100 யார்டுக்கு (ஒரு யார்டு ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கம்மி) மேல ஓடுன மனுஷன், அப்படியே தரையில கிடந்தாரு.

நம்ம முட்டிக்குள்ள எலும்பையும் எலும்பையும் கட்டி வச்சிருக்கிறது லிகமெண்ட்னு சொல்ற நாலு நாரு. ஒண்ணு முட்டிக்கு கீழ இருக்கிற கால் எலும்பு முன்னாடி சறுக்காம பார்த்துக்கும், ஒண்ணு பின்னாடி சறுக்காம பார்த்துக்கும், மீதி ரெண்டும் உள்பக்கமும் வெளிபக்கமும் மடங்காம பிடிச்சுக்கும். சப்புக்கு இதுல மூணு கிழிஞ்சுது. வழக்கமா எல்லாருக்கும் போற அந்த முன் லிகமெண்ட், ஏசிஎல்னு சொல்வாங்களே, அது மட்டும் தப்பிச்சுது. அந்த சீசன் அவருக்கு அதோட முடிஞ்சுது.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடறேன். 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு குடுப்பாங்க, ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு ப்ளே. பந்த தூரமா எறியலாம், இல்லன்னா ஒருத்தர் கையில குடுத்து கூட்டத்துக்கு நடுவுல ஓட விடலாம். அப்படி ஓடுறவர்தான் ரன்னிங் பேக். டீம்ல அதிகமா அடி வாங்குற ஆட்கள்ல அவரும் ஒருத்தர். 100 கிலோ இருக்கிற ஒருத்தர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல போறாருன்னு வச்சுக்கிட்டா, அது ஒரு மாடி உயரத்துல இருந்து குதிச்சு கீழ வந்து சேருற வேகம். அந்த வேகத்துல எதிர்ல வர்ற இன்னொரு பெரிய உடம்போட மோதணும், எந்திரிக்கணும், அடுத்த ப்ளேக்கு திரும்ப வந்து நிக்கணும். 2014-ல சப் மட்டும் 219 தடவ பந்த தூக்கிட்டு ஓடுனாரு, மொத்தம் 1,547 யார்டு. அந்த 219-ல பெரும்பாலான ஓட்டம் யாராவது பிடிச்சு கீழ தள்றதுல தான் முடியும்.

அதனால கோச்சுங்க எப்பவும் டெப்த் டெப்த்னு பேசிட்டே இருப்பாங்க. முதல் ஆளுக்குப் பின்னாடி ரெண்டாவது, மூணாவது, நாலாவதுன்னு ஆள் வேணும்னு. எல்லாரும் இத ஸ்டெப்னி டயர் மாதிரி நினைக்கிறாங்க, ஒண்ணு பஞ்சர் ஆனா இன்னொண்ண மாட்டிக்கலாம்னு. விஷயம் அப்படி இல்லைங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சீசன்ல ஒரு ஆள் அடிபட்டு உட்காருறதுக்கு 10-ல 3 வாய்ப்புன்னு சும்மா வச்சுக்கோங்க (நிஜ புள்ளிவிவரம் இல்ல, உதாரணத்துக்குத்தான்). ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருறதுக்கு 100-ல 9. மூணு பேருமேன்னா 1000-ல 27. ஆஹா, மூணு பேர் இருந்தா பயமே இல்லன்னு தோணும். ஆனா இந்த கணக்கு ஒருத்தரோட அடிக்கும் இன்னொருத்தரோட அடிக்கும் சம்பந்தமே இல்லன்னு எடுத்துக்குது. நிஜத்துல முதல் ஆள் விழுந்ததும் அவர் தூக்குன சுமை மொத்தமும் ரெண்டாவது ஆள் தலையில விழுது, அவர் வாங்குற மோதல் கூடுது, அவரும் விழற வாய்ப்பு ஏறுது. ஒரு கயித்துல நாலு இழை இருந்து ஒண்ணு அறுந்தா மத்த மூணும் கூடுதலா இழுபடுமே, அதே கதைதான்.

ஜார்ஜியா இத மூணு வருஷம் அனுபவிச்சுது. 2013-ல அவங்க முதல் ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு கணுக்கால் அடி, அவர் இல்லாம அதே நேலண்ட் ஸ்டேடியத்துக்கு போனாங்க, அங்க அவருக்கு அடுத்த ஆளான கீத் மார்ஷலுக்கு ஏசிஎல் கிழிஞ்சுது, ஃப்ரெஷ்மன், அதாவது முதல் வருஷ பசங்கள வச்சு ஓவர்டைம்ல தட்டுத்தடுமாறி ஜெயிச்சாங்க. 2014-ல கர்லி நாலு மேட்ச் சஸ்பென்ஷன் முடிஞ்சு ஆபர்னுக்கு எதிரா திரும்பி வந்த அதே நாள்ல அவருக்கும் ஏசிஎல் போச்சு. 2015-ல சப். மூணு வருஷம், மூணு முட்டி. அதுல ரெண்டு ஒரே மைதானத்துல.

சரி, அடி படாமலே இருந்தாலும் ஒரே ஆள ஓட விட்டா என்ன பிரச்னை? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. முழு வேகத்துல ஓடும்போது தசைக்கு முதல் சில நொடிக்கு எரிபொருள் குடுக்கிறதுல பெரிய பங்கு பாஸ்போகிரியேட்டின்ங்கிற ஒரு சேமிப்புக்கு. சின்ன டேங்க் அது. மூச்சு வாங்கி ஆக்சிஜன் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே சக்தி குடுக்கும், ஆனா பத்து நொடி போல முழு வேகத்துல ஓடுனா கிட்டத்தட்ட காலி. திரும்ப பாதி நிறைய ஏறக்குறைய அரை நிமிஷம் ஆகும், முழுசா நிறைய மூணு அஞ்சு நிமிஷம் வேணும். காலேஜ் ஃபுட்பால்ல ஒரு ப்ளே நடக்கறது அஞ்சாறு நொடி, அடுத்த ப்ளேக்கு கடிகாரம் குடுக்கிறது 40 நொடி. அதாவது தொடர்ந்து அஞ்சாறு ப்ளே ஒரே ஆள் ஓடுனா டேங்க் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவா நிரம்பிட்டே வரும். முதல் ப்ளேல இருந்த அந்த வெடிப்பு ஆறாவதுல இருக்காது, எதிராளிங்களுக்கு நடுவுல கிடைக்கிற சந்துக்குள்ள அரை அடி லேட்டா நுழைவாரு, அதுக்குள்ள சந்து மூடிரும். அதனால புது ஆள் உள்ள வர்றது முதல் ஆளுக்கு ஓய்வு மட்டும் இல்ல, எதிர்ல களைச்சு நிக்கிற டிஃபென்ஸ் மேல ஒரு முழு டேங்க கொண்டு போய் மோத விடுற வேலையும் கூட.

ஆனா புது ஆள் உள்ள வரணும்னா அவர நம்பணும். அந்த நம்பிக்கை உருவாகுற இடம்தான் ஸ்பிரிங் ப்ராக்டிஸ். சீசன் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்துல தொடங்கும், ஆனா மார்ச் ஏப்ரல்லயே 15 ப்ராக்டிஸ் நடத்திக்க காலேஜ் விளையாட்டுக்கு விதி போடுற என்சிஏஏ அனுமதிக்குது, கடைசியில பெரும்பாலும் டீமே ரெண்டா பிரிஞ்சு ஒரு மேட்ச் ஆடும். ஜார்ஜியாவுல அதுக்கு ஜி-டேன்னு பேரு, 2016-ல 93,000 சீட்டும் நிரம்புச்சு. அடுத்த வாரம் ஜெயிக்க வேண்டிய மேட்ச்னு எதுவும் கிடையாது, அதனால ஏற்கெனவே நிரூபிச்ச சீனியர கோச் அதிகமா அடி வாங்க விட மாட்டாரு, அவருக்கு மிச்சமாகுற ரெப் எல்லாம் கீழ இருக்கிறவங்களுக்கு போகும். ரெப்னா ஒரு ப்ளேய ஒரு தடவ செஞ்சு பார்க்கிற வாய்ப்பு. சீசன் நடுவுல மூணாவது ஆளுக்கு அது கைநிறைய கிடைக்காது. டிசம்பர்லயே ஹைஸ்கூல் முடிச்சுட்டு ஜனவரில காலேஜுக்கு வந்துடற பசங்களுக்கும் இது பெரிய வரம்.

ஓடத் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, ஓட்டம் அவங்க எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். பெரும்பாலும் பையன பெஞ்சுல உட்கார வைக்கிறது பாஸ் ப்ரொடெக்ஷன். குவார்ட்டர்பேக் பந்த எறிய நிக்கும்போது எதிர் டீம் டிஃபென்ஸ்ல இருக்கிற லைன்பேக்கர் ஒருத்தர் எங்கிருந்தோ பாய்ஞ்சு வருவாரு, அவர மறிக்க வேண்டியது ரன்னிங் பேக். டிரில்ல இத தனியா பிரிச்சு வைப்பாங்க. நடுவுல ஒரு கோச் குவார்ட்டர்பேக் மாதிரி நிப்பாரு, எதிர்ல 105 கிலோ லைன்பேக்கர், நம்ம பையன் பக்கத்துல தோள்பட்டை குனிஞ்சு நிப்பான். விசில். கண்ணு முதல்ல உள்பக்கம் பார்க்கணும், அப்புறம்தான் வெளிபக்கம், ஏன்னா உள்ள இருந்து வர்றவனுக்குத்தான் குவார்ட்டர்பேக்கிட்ட போற வழி குறுக்கு. புதுசா வந்தவன் பயத்துல ஓரமா ஓடி வர்றவனையே பார்ப்பான், நடுவுல ஒருத்தன் காத்து மாதிரி போய்டுவான். பத்து தடவ தப்பு பண்ணி, கோச் கத்தி, பதினோராவது தடவ காலு தானா உள்பக்கம் நகரும். யோசிச்சு செய்யறது பழகிப் போய் யோசிக்காம நடக்கிறதா மாறுற அந்த இடத்த ஏப்ரல்ல தொட்டுட்டா, நவம்பர்ல 90,000 பேர் சத்தத்துலயும் அது நிக்கும். ஓடும்போது பந்த விடாம பிடிச்சுக்கிறதும் அப்படியே: விரல் நுனி பந்தோட கூர்ல, முன்னங்கை, புஜம், நெஞ்சுன்னு எல்லா பக்கமும் ஒட்டி இருக்கணும், சுத்தி நிக்கிறவங்க பந்த குத்திக் குத்தி விழ வைக்க பார்ப்பாங்க.

2016 ஸ்பிரிங்ல சப் முட்டிய தேத்திட்டு இருந்தாரு, முழு மோதலுக்கு அவர விடல. முந்தின சீசன்ல அவர் விழுந்ததும் சுமைய தூக்கி 1,161 யார்டு ஓடுன சோனி மிஷெல்தான் முன்னாடி நின்னாரு. அப்புறம் ஜூலைல மிஷெல் ஏடிவிங்கிற நாலு சக்கர வண்டி விபத்துல முன்னங்கைய உடைச்சுக்கிட்டாரு, வரிசை திரும்பவும் தலைகீழ். சீசன் முதல் மேட்ச்ல நார்த் கரோலினாவுக்கு எதிரா சப் திரும்பி வந்து 222 யார்டு ஓடுனாரு. மூணு லிகமெண்ட் கிழிஞ்சு ஒரு வருஷம் கூட ஆகல. எனக்கு அது இன்னைக்கும் நம்ப முடியாத விஷயம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் டெப்த்துன்னா என்னன்னு காட்டுச்சு. ரெண்டு பேரும் என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக்குக்கு போயிருக்கலாம், ஆனா கடைசி வருஷத்துக்கும் காலேஜ்லயே இருக்கோம்னு முடிவு பண்ணாங்க. 2017-ல சப் 223 ஓட்டம், மிஷெல் 156, ஃப்ரெஷ்மன் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் 81. சுமை மூணு பேருக்குள்ள பிரிஞ்சு போச்சு. மிஷெலோட சராசரி ஒரு ஓட்டத்துக்கு கிட்டத்தட்ட 8 யார்டு. 2018 ஜனவரி 1 ரோஸ் பௌல்ல, அதாவது தேசிய சாம்பியன்ஷிப் அரையிறுதில, ஓக்லஹோமாவுக்கு எதிரா மேட்ச் ரெண்டாவது ஓவர்டைம் வரைக்கும் போச்சு, மிஷெல் 11 ஓட்டத்துல 181, சப் 14 ஓட்டத்துல 145, கடைசி 27 யார்டு மிஷெல் ஓடி 54-48னு முடிச்சாரு. அவ்வளவு நேரம் கழிச்சும் அந்த காலுல வெடிப்பு மிச்சம் இருந்துச்சுன்னா, அது சீசன் முழுக்க சுமைய பிரிச்சதோட பலன்னு நான் உறுதியா நம்புறேன்.

ஒரு வாரம் கழிச்சு ஃபைனல். எதிர்ல அலபாமா, அவங்ககிட்ட டேமியன் ஹாரிஸ், போ ஸ்கார்ப்ரோ, ஜோஷ் ஜேக்கப்ஸ்னு ஏற்கெனவே வரிசையா ஆள் இருந்தாங்க. நாலாவது குவார்ட்டர்ல அவங்களுக்கும் பின்னாடி இருந்த நஜீ ஹாரிஸ்ங்கிற ஃப்ரெஷ்மன உள்ள விட்டாங்க. முந்தின ஜனவரிலயே காலேஜுக்கு வந்து அந்த 15 ஸ்பிரிங் ப்ராக்டிஸையும் பார்த்த பையன். அந்த ராத்திரி 6 தடவ பந்த வாங்கி 64 யார்டு ஓடுனாரு, களைச்சு நின்ன ஜார்ஜியா டிஃபென்ஸ் மேல புது காலோட. அலபாமா ஓவர்டைம்ல 26-23னு ஜெயிச்சுது.