ஜூலையில் ஸ்வெட்டர்: கலிபோர்னியாக் கடற்கரையை எது குளிர வைக்கிறது?

கோவை வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். போன ஜூலையில் அவரும் கணவரும் கார் எடுத்துக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவில் இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை பசிபிக் கரையை ஒட்டியே போகும் ஹைவே ஒன்றில் பயணம் செய்திருக்கிறார்கள். கோடைக்காலம், அதுவும் கலிபோர்னியா என்பதால் மெல்லிய பருத்தித் துணிகளையே எடுத்துப் போனார்களாம். கோல்டன் கேட் பாலத்தின் கோபுரங்களை மூடுபனி மறைத்துவிட்டது. மாண்டெரியில் ஸ்வெட்டர் வாங்க வேண்டியதாயிற்று. பிக் சர் மலைச்சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் கேம்ப்ரியா என்ற சிற்றூரில் இருந்து மலையைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் பாசோ ரோப்ளஸுக்குப் போனால், ஒரு மணி நேரத்துக்குள் காரின் வெப்பமானி 16 டிகிரியில் இருந்து 38 டிகிரிக்கு ஏறிவிட்டது. “அலாஸ்காவில் இருந்து குளிர்ந்த நீர் இந்தக் கரையோரமாக வருகிறது, அதனால்தான் இந்தக் குளிர் என்று தங்கிய இடத்தில் சொன்னார்கள். அது மட்டும்தான் காரணமா?” என்று கேட்கிறார்.

அது மட்டும் அல்ல. முக்கியமான காரணமும் அது அல்ல. வடக்கில் இருந்து தெற்கே வரும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள, மெதுவான ஓட்டம். குளிருக்கு அது மட்டுமே காரணம் என்றால், அந்த அகலம் முழுவதும் கடல் ஏறக்குறைய ஒரே அளவு குளிர்ந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பப் படங்களோ வேறு கதை சொல்கின்றன. மிகக் குளிர்ந்த நீர் கரையை ஒட்டிய ஒரு ஒல்லியான பட்டையில்தான் இருக்கிறது. பாயின்ட் ரெய்ஸ், பாயின்ட் சர் போன்ற முனைகளின் அருகே குளிர் இன்னும் கூடுகிறது. கரையை விட்டு மேற்கே போகப் போக நீர் வெதுவெதுப்பாகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. வடக்குக் கலிபோர்னியாவின் சில இடங்களில் கடல்நீர் ஜனவரியில் இருப்பதைவிட மே மாதத்தில் அதிகக் குளிர்ச்சியாக இருக்கிறது. வெயில் ஏறும் மாதத்தில் கடல் குளிர்கிறது என்றால், அந்தக் குளிர் பக்கத்தில் எங்கிருந்தோ வர வேண்டும். அது வருவது கீழே இருந்து.

முதலில் காற்றைப் பார்ப்போம். கோடையில் ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே, பசிபிக் மேல் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. வடக்கு அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார திசையில் வீசும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தச் சுழற்சியின் கிழக்கு விளிம்பில் கலிபோர்னியா இருப்பதால், அங்கே வடமேற்கில் இருந்து, கிட்டத்தட்ட கரைக்கு இணையாக, வாரக்கணக்கில் காற்று வீசிக்கொண்டே இருக்கும். வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் அதன் வேகம் அதிகம்.

எளிமைக்காக, காற்று நேர் தெற்கே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கடலின் மேல்நீரும் தெற்கே போக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது போவது மேற்கே! காற்று வீசும் திசைக்குச் செங்குத்தாக, கரையை விட்டு விலகி. கடலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

1893இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஃபிரிட்யோஃப் நன்சன், ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனிக்கட்டியில் சிக்கவைத்து, பனி இழுத்த இழுப்புக்கெல்லாம் மிதந்து போனார். நாள்தோறும் காற்றின் திசையையும் கப்பல் நகர்ந்த திசையையும் குறித்து வைத்தார். பனிக்கட்டி காற்றின் திசையில் போகவில்லை. 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகியே போய்க்கொண்டிருந்தது. பூமியின் சுழற்சிதான் காரணமாக இருக்கும் என்று நன்சன் ஊகித்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு இதை வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற பேராசிரியரிடம் சொன்னார். அவர் அதைத் தன்னிடம் படித்துக்கொண்டிருந்த வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டு மாணவரிடம் கொடுத்தார். எக்மன் கணக்குப் போட்டுக் கண்டதை 1905இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் கடலியல் வகுப்புகளின் அடிப்படைப் பாடம்.

சுழலும் பூமியின் மேல், வடக்கு அரைக்கோளத்தில், நகரும் எதையும் கொரியோலிஸ் விசை வலப்பக்கம் தள்ளும். (நிலநடுக்கோட்டு ஊர்களில் ஒரு தட்டில் நீரை வடியவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் எதிர்ச்சுழி என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவார்கள். அது நீரை ஊற்றும் விதத்தால் வருவது. தட்டளவு நீரில் சில நொடிகளில் இந்த விசை எதையும் செய்துவிடாது. பரந்த கடல், மணிக்கணக்கான நேரம் என்றால்தான் அதன் பலம் தெரியும்.) இனி கடலை ஒரு சீட்டுக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் சீட்டைக் காற்று இழுக்கிறது. அது நகர ஆரம்பித்ததும் கொரியோலிஸ் அதை வலப்பக்கம் திருப்புகிறது. எக்மனின் கணக்குப்படி 45 டிகிரி. மேல் சீட்டு உராய்ந்து இரண்டாம் சீட்டை இழுக்கும். அதுவும் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பும், வேகமும் சற்றுக் குறையும். மூன்றாவது இன்னும் திரும்பும். இப்படியே இறங்கிக்கொண்டு போனால், சில பத்து மீட்டர் ஆழத்தில், மிக மெதுவாக, காற்றுக்கு நேர் எதிர்த்திசையில்கூட நீர் நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்தச் சுருள் வடிவம் அழகானது. ஆனால் இதைவிட அழகு இதன் கூட்டுத்தொகை. எல்லா அடுக்குகளின் ஓட்டத்தையும் கூட்டினால், மொத்த நீரும் காற்றுக்குச் சரியாக 90 டிகிரி வலப்பக்கம் போகிறது. ஏன் 90? ஒரு சமன்பாடும் இல்லாமல் இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த மேலடுக்கு முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால், அதன் மேல் செயல்படும் பெரிய விசைகள் இரண்டுதான்: காற்றின் இழுப்பு, கொரியோலிஸ். நீர் ஒரே சீராக ஓடுகிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். காற்று தெற்கே இழுக்கிறது. ஆகவே கொரியோலிஸ் வடக்கே தள்ளியாக வேண்டும். கொரியோலிஸோ எப்போதும் ஓட்டத்தின் வலப்பக்கம்தான் தள்ளும். எந்தத் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் வடக்கு வரும்? எழுந்து நின்று பாருங்கள். மேற்கைப் பார்த்து நின்றால்தான் வரும். எனவே நீர் மேற்கே ஓடியே தீர வேண்டும்; வேறு எந்தத் திசையில் ஓடினாலும் கணக்கு சரியாகாது. கருவிகள் எல்லாம் கடலில் இறங்கி அளப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தாளில் கிடைத்த முடிவு இது. கல்லூரியில் இதை முதல்முறை புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

சரி, கரையோர மேல்நீர் மேற்கே போய்விட்டது. அந்த இடத்தை யார் நிரப்புவது? கிழக்கே நிலம், அங்கிருந்து நீர் வராது. அதனால் 100, 200 மீட்டர் ஆழத்தில், வெயிலே படாத இருட்டில் இருக்கும் நீர் மேலே ஏறி வருகிறது. வேகம் ஒரு நாளைக்குச் சில மீட்டர்தான். ஆனால் காற்று நிற்காததால் ஏற்றமும் நிற்காது. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கடல் நடுக்கோடையிலும் 12 முதல் 14 டிகிரியில் இருப்பது இதனால்தான். அதே அட்சரேகையை ஒட்டி, அட்லாண்டிக் பக்கம் வர்ஜீனியாவில், ஜூலையில் கடல்நீர் 25 டிகிரிக்குப் பக்கம் இருக்கும்.

மேலே வரும் நீர் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை. மேலே இறந்த உயிர்களெல்லாம் கீழே மூழ்கி மட்கியதால் சேர்ந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு வருகின்றன. வெளிச்சமும் உரமும் ஒரே இடத்தில் கிடைத்தால் நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்ன கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர், நெத்திலி, சாளை. அவற்றைத் தின்னத் திமிங்கலங்கள். மாண்டெரி விரிகுடாவில் கோடையில் நீலத் திமிங்கலமும் கூன்முதுகுத் திமிங்கலமும் கரையில் இருந்து படகில் போய்ப் பார்க்கும் தூரத்தில் மேய்வது இந்த விருந்துக்காகத்தான். நம் தென்மேற்குக் கரையிலும் இதே இயற்பியல் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி முனையிலும் அடிநீர் மேலேறி, கடல் சில டிகிரி குளிரும். சாளை மீன் அந்தக் காலத்தில்தான் தின்று கொழுக்கிறது.

மாண்டெரியில் ஒரு காலத்தில் சாளை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்தன. 1940களின் பிற்பகுதியில் மீன்வளம் சரிந்தது, ஆலைகள் மூடப்பட்டன. ஏன் சரிந்தது என்று கண்டுபிடிப்பதற்காக 1949இல் கால்கோஃபி என்ற கூட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியாக் கடலில் குறித்து வைத்த இடங்களுக்குக் கப்பலில் போய், வெப்பநிலை, உப்பு, மீன்முட்டை, மிதவையுயிரி என்று அளந்துகொண்டு வரும் வேலை. இன்றும் நடக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பணம் கேட்டால், எந்த நாட்டிலும் நிதி அதிகாரிகளின் முகம் வாடும். புதிய கண்டுபிடிப்பு எங்கே என்பார்கள். கடல் மாறுகிறதா இல்லையா என்பதை இப்படிப்பட்ட நீண்ட பதிவு இல்லாமல் சொல்லவே முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம், செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பத்தையும் நுண்பாசியின் நிறத்தையும் வைத்து, மீன் கூடும் இடங்களை நம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. மிக நல்ல வேலை. அதோடு கரையோர அளவீடுகளுக்கும் ஆண்டு தவறாமல் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு ஆண்டு விட்டுப்போன அளவீட்டைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

இனி மூடுபனி. நடுக்கடலில் ஈரம் சேர்த்துக்கொண்டு வரும் காற்று, கரையோரக் குளிர்நீரின் மேல் கடக்கும்போது தானும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியைத் தாங்க முடியாது. கடலுப்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு ஆவி நுண்துளிகளாகிறது. இந்தப் பனி மேலே கலைந்து போகாமல் தடுப்பதும் அதே உயர் அழுத்த மண்டலம்தான். அதன் நடுவே காற்று கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கி, ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஆகவே கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்று, சில நூறு மீட்டருக்கு மேலே சூடான காற்று. கனமான குளிர்க்காற்று அதைத் துளைத்து ஏற முடியாமல் கீழேயே பரவிக் கிடக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே 784 மீட்டர் உயரமுள்ள டமால்பாய்ஸ் மலையில் ஏறினால், தலைக்கு மேல் நீல வானம், காலுக்குக் கீழே வெள்ளைப் பனி.

பாசோ ரோப்ளஸின் வெயிலும் இதோடு சேர்ந்த கதைதான். கடல் காற்றைக் கரையோர மலைகள் தடுக்க, உள்நாட்டுச் சமவெளி காய்கிறது. சூடான காற்று எழும்பி அங்கே அழுத்தம் குறைகிறது. கடலின் உயர் அழுத்தத்துக்கும் நிலத்தின் தாழ் அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூடக் கூட, கரையோரக் காற்றும் வேகம் எடுக்கிறது. அடிநீர் இன்னும் ஏறுகிறது. மலைத்தொடரில் இடைவெளி இருக்கும் இடத்தில் பனி உள்ளே பாய்கிறது. அந்த இடைவெளிகளில் பெரியது கோல்டன் கேட். பாலத்தில் நின்று நடுங்குகிறவர்களுக்கு அந்தக் குளிர்க்காற்றை அனுப்பிவைப்பது உள்நாட்டு வெயில்.

இந்தப் பனியை நம்பி ஒரு காடே வாழ்கிறது. கரையோர ரெட்வுட் மரங்கள் உலகிலேயே உயரமானவை. மிக உயர்ந்த மரம் 115 மீட்டரைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை கிட்டத்தட்ட இல்லை. பனித்துளிகள் ஊசியிலைகளில் ஒட்டி, சேர்ந்து, சொட்டுச் சொட்டாக வேருக்கு விழுகின்றன. கொஞ்சம் நீரை இலைகளே நேரடியாக உறிஞ்சுகின்றன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டாட் டாசன், பனிநீரிலும் மழைநீரிலும் கனமான ஐசோடோப்புகளின் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்களின்) விகிதம் வேறுபடுவதைப் பயன்படுத்தி, எந்த நீர் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தார். அவர் ஆராய்ந்த வடக்குக் கலிபோர்னியக் காட்டுக்கு ஓராண்டில் வந்து சேர்ந்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூடுபனியில் இருந்து சொட்டியது என்று 1998இல் வெளியிட்டார்.

2010இல் அவரும் ஜேம்ஸ் ஜான்ஸ்டனும் வெளியிட்ட ஆய்வின்படி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் கோடை மூடுபனி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அவர்கள் நம்பிய சான்றுகளில் ஒன்று, 1951 முதல் ஆர்க்காட்டா, மாண்டெரி விமான நிலையங்களில் மணிக்கு ஒருமுறை எழுதிவைத்த மேக உயரக் குறிப்பு. விமானம் பத்திரமாக இறங்குவதற்காக யாரோ எழுதியது, ரெட்வுட் காட்டின் வரலாறாகிவிட்டது. நிதி பற்றி மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு சான்று.

வாசகிக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: சான்டா பார்பராவைத் தாண்டியதும் கடல் ஏன் இதமாகிவிட்டது? அதற்கு மேற்கே பாயின்ட் கன்செப்ஷன் என்ற முனையில் கரை சட்டென்று கிழக்கே திரும்புகிறது. வடமேற்குக் காற்று அங்கே கரையை விட்டு விலகிப் போகிறது. கரையோரமாகக் காற்றின் இழுப்பு குறைவதால் அடிநீர் ஏறுவதும் குறைகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஜூனில் வானம் மூட்டமாகவே இருந்தாலும் கடல் அவ்வளவு குளிராது. வடபகுதியைத் தெளிவான வானத்தோடு பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பரில் போகலாம். காற்று தளர்ந்து, மேல்நீர் கரையிலேயே தங்கி வெயில் காயும். சான் பிரான்சிஸ்கோவின் சூடான மாதம் அதுதான். ஜூலையில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் தடித்த ஸ்வெட்டரோடு போய், மாண்டெரியில் ஒரு காலைப்பொழுதைத் திமிங்கலப் படகுக்கு ஒதுக்குங்கள்.