ஒரே பழுப்பு, நான்கு பளபளப்பு: ஐஷேடோவுக்குள் நடக்கும் ஒளி வேலை

மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் விலை குறைந்த நியூட்ரல் ஐஷேடோ பேலட் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க டிரக்ஸ்டோராக இருந்தாலும், சிங்கப்பூர், மலேசியாவின் கார்டியன், வாட்சன்ஸாக இருந்தாலும் பொருள் பட்டியல் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான்: டால்க், மைக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடுகள், கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய். மூடியைத் திறந்தால் ஒரு கட்டம் துளி மினுக்கமும் இல்லாத மேட். பக்கத்தில் மெல்லிய வழவழப்புள்ள சாட்டின். அடுத்தது ஷிம்மர். கடைசியில் தகடு போலவே மின்னும் மெட்டாலிக். நான்கும் பழுப்புதான். நிறத்தைத் தருவது வேதியியல். பளபளப்பைத் தீர்மானிப்பது துகளின் அளவு, வடிவம், அது இமையில் படுத்திருக்கும் விதம்.

முதலில் நிறம். பட்டியலில் சி.ஐ. (கலர் இண்டெக்ஸ், அதாவது நிறமிகளின் பொது எண் வரிசை) 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கும். முறையே சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். கோயில் மதிலில் பூசும் செங்காவிக்குச் சிவப்பைத் தருவதும் இதே சேர்மம்தான். சிவப்பு கூடினால் செங்கல் நிறம், மஞ்சள் கூடினால் கேரமல், கருப்பு கூடினால் டோப் எனப்படும் சாம்பல் பழுப்பு. இவை வெயிலில் வெளுக்காது, நீரில் கரையாது, தோலில் சாயம் ஏற்றாது. கண்ணருகே இது சாதாரண விஷயமல்ல. 1933 வாக்கில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைமயிர்ச் சாயத்தால் பெண்களின் பார்வை பறிபோனது. 1938இல் அங்கே அழகுசாதனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். இன்றும் அங்கே கண் பகுதிக்கான நிறமிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். பளீர் ரோஸ், ஊதா நிறங்கள் சில அந்தத் தடையில் சிக்கும். காவிக் குடும்பம் சிக்காது.

இனி மேட். நிறமித் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. வெள்ளைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. ஒளியை மிகத் திறமையாகச் சிதறடிக்கும் அளவு அது. உள்ளே நுழையும் ஒளி துகளுக்குத் துகள் மோதி எல்லாத் திசையிலும் வெளியேறுகிறது. இப்படிப்பட்ட பரப்பு எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசத்துடன் தெரியும் என்று யோகான் ஹைன்ரிக் லாம்பெர்ட் 1760இலேயே கணக்கிட்டுக் காட்டினார். இமை மடிப்பில் அடர் மேட் பூசினால் கண் ஆழமாகத் தோன்றுவதும் இதனால்தான்: நிழலுக்கும் மினுக்கம் கிடையாது, மேட் பூச்சுக்கும் கிடையாது, மூளை இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது.

என் கருத்தில், இந்த நான்கில் தயாரிக்கக் கடினமானது மேட்தான். விலை வித்தியாசம் தெரிவதும் இங்கேதான். நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டி தட்டும். இமையில் திட்டுத்திட்டாக விழும். அதைத் தடுக்கத் துகள் ஒவ்வொன்றுக்கும் சிலேன் போன்ற மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். பிணைப்பு எண்ணெய் குறைந்தால் மாவாக உதிரும், கூடினால் பிரஷில் ஒட்டாத கல்லாகும். ஷிம்மரில் இத்தனை தொல்லை இல்லை. மலிவு விலை பேலட்டுகளில் ஷிம்மர் கட்டங்கள் அசத்த, மேட் கட்டங்கள் ஏமாற்றுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

மாநிறத் தோலில் வெளிர் மேட் ஏன் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது? பலரும் தங்கள் தோலைக் குறை சொல்லிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் இயற்பியலைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு பொருளுக்கும் அதைச் சூழ்ந்ததற்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு எல்லையில் ஒளி திரும்பும். டால்க்கின் எண் சுமார் 1.58. காற்றில் அதன் ஒவ்வொரு பரப்பும் 5 சதவீத ஒளியைத் திருப்பும். ஆயிரக்கணக்கான பரப்புகள் சேர்ந்தால் வெண்மை. இமையின் எண்ணெய் (சுமார் 1.47) இடைவெளிகளை நிரப்பியதும் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஊடுருவித் தெரிவது போல டால்க்கும் காணாமல் போகும். காலையில் பூசிய நிறம் மதியம் இருண்டு தெரிவதை ‘ஆக்சிடைஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். ஆனால் சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் இரும்பு ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில்தான் இருக்கிறது. மாறியது துகள்களைச் சூழ்ந்திருந்த காற்று. அதன் இடத்தில் இப்போது எண்ணெய்.

டைட்டானியம் டை ஆக்சைடு அப்படிக் கரைந்து போகாது. அதன் எண் 2.5க்கும் மேல், எண்ணெயில் மூழ்கினாலும் 7 சதவீதம் அளவுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் துகள்களின் மெல்லிய படலம் இருண்ட பின்னணி மேல் விழும்போது நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். கண்ணுக்கு அது சாம்பலாகப் படும். வெளிர் தோலை மனத்தில் வைத்து வெள்ளை கலந்த பீஜ், மாநிறத்தில் ‘நியூட்ரல்’ ஆகவே முடியாது. தோலுக்கு அருகில் இருக்கும் கேரமல், செங்கல், காப்பி நிற மேட்டுகளில் வெள்ளை குறைவு. அவற்றிலிருந்து தொடங்கினால் சாம்பல் தொல்லை பெரிதும் குறையும்.

ஷிம்மரின் கதை முற்றிலும் வேறு. 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் செயற்கை முத்து செய்தவர்கள் மீன் செதிலிலிருந்து எடுத்த குவானின் படிகங்களால் முத்தொளியை உண்டாக்கினார்கள். 1960களில் டூபாண்ட் நிறுவனம் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காவுக்குக் காப்புரிமை பெற்றது. இன்றைய ஷிம்மர்களில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவை. மைக்கா, நம் ஊர்க் காக்காப்பொன், தாள் தாளாகப் பிரியும் கனிமம். செதில்களின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அகலம் அதைப்போலப் பல பத்து மடங்கு. மேலே போர்த்தும் பூச்சோ வெறும் 50 நானோமீட்டர், அதாவது 0.05 மைக்ரான்.

அந்த எண் தற்செயலானதல்ல. பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் திரும்பும் ஒளியும் சந்திக்கின்றன. 50ஐப் பூச்சின் ஒளிவிலகல் எண்ணான 2.5ஆல் பெருக்கினால் 125 நானோமீட்டர். அதன் நான்கு மடங்கு 500. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நடுவில் இருக்கும் அந்த அலைநீளத்தில் இரண்டு அலைகளும் கைகோத்து வலுக்கும். விளைவு, வெள்ளி ஒளி. பூச்சைக் கொஞ்சம் தடிமனாக்கினால் நீலம் குன்றிப் பொன்னிறம் வரும். 120 நானோமீட்டரில் ஆரஞ்சு அழிந்து நீலம் எழும். சேர்த்த பொருளோ அதே வெள்ளைப் பொருள். தாமிரம், வெண்கல நிறங்களுக்கு மட்டும் பூச்சையே இரும்பு ஆக்சைடாக்கிவிடுகிறார்கள்.

இந்தச் செதில் தான் திருப்பாத ஒளியைக் கீழே விடுகிறது. வெளிர் தோல் அதை மறுபடி மேலே அனுப்பி, கிடைத்த நிறத்தைக் கலக்கி வெளுக்கச் செய்துவிடும். கருந்தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும்; நிறம் கலப்பில்லாமல் கண்ணுக்கு வந்து சேரும். நிறம் மாறும் டியோக்ரோம் ஐஷேடோவின் கீழே கருப்பு அடிப்பூச்சு போடச் சொல்வது இதற்காகத்தான். மேட் பூச்சில் நமக்குப் பாதகமாக நின்ற இயற்பியல், ஷிம்மரில் நம் பக்கம் நிற்கிறது.

சாட்டினுக்கும் ஷிம்மருக்கும் இடையே பெரும்பாலும் செதிலின் அளவுதான் வேறுபாடு. சுமார் 15 மைக்ரானுக்குக் கீழே விளிம்புகள் மிகுதி. விளிம்பில் ஒளி சிதறுவதால் மென்மையான பளபளப்பு. 10 முதல் 60 வரை முத்தொளி. நூறைத் தாண்டினால் தனித்தனிப் பொறிகள். மெட்டாலிக் ஆக வேண்டுமென்றால் செதில்கள் எல்லாம் ஒரே திசை பார்த்துப் படுக்க வேண்டும். பஞ்சு போன்ற பிரஷால் தட்டினால் அவை தாறுமாறாக நின்று மங்கும், கன்னத்திலும் உதிரும். விரலால் அழுத்தி இழுத்தால் படுக்கும். பிரஷை நனைத்தாலும் பலன் உண்டு: நீர்ப்படலம் காய்ந்து மெலியும்போது செதில்களைத் தோலோடு இழுத்துப் படுக்க வைக்கிறது. கட்டத்துக்குள் அழுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். அதிகம் அழுத்தினால் செதில் உடையும். ஷிம்மர் கட்டங்களை மென்மையாக விடுவதற்கு இது ஒரு காரணம்.

கடையில் முன்கையில் தேய்த்துப் பார்ப்பது பாதி உண்மைதான் சொல்லும். முன்கை தட்டை, வறட்சி. இமை வளைவு, எண்ணெய்ப் பசை. கூரையின் எல்.இ.டி. புள்ளி விளக்குகளில் எந்த ஷிம்மரும் ஜொலிக்கும்; மேகமூட்டத்தில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அதுவே அடங்கிவிடும். வாசல் வெளிச்சத்துக்கு வந்து கையைச் சாய்த்துப் பாருங்கள். பலர் விரல் பட்ட டெஸ்டரை மட்டும் கண்ணில் வைக்க வேண்டாம்.

கிளிட்டர் இந்தக் குடும்பமே அல்ல. வழக்கமாக அது அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலத்தை நறுக்கியது. கூரிய விளிம்பு கருவிழியைக் கீறும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்நெகிழித் தடை, ஒப்பனைப் பொருள்களுக்கு 2035 வரை அவகாசம் தந்திருக்கிறது. கண்ணுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

மைக்காவுக்கு இன்னொரு பக்கம் உண்டு. உலகச் சந்தைக்குப் போகும் தாள் மைக்காவின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று ஜார்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதி. கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் செதில் பொறுக்குவதும் மண் சரிந்து இறப்பதும் பலமுறை வெளிவந்த உண்மைகள். 2017இல் நிறுவனங்கள் சேர்ந்து பொறுப்பான மைக்காவுக்கான கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. சில நிறுவனங்கள் உலையில் உருக்கிச் செய்யும் செயற்கை மைக்காவுக்கு மாறின. அதில் இரும்புக் கலப்பு இல்லாததால் ஒளி இன்னும் தெளிவாகத் திரும்பும். பொருள் பட்டியலில் அதன் பெயர் சிந்தெடிக் ஃபுளோர்ஃப்ளோகோபைட். வெறும் ‘மைக்கா’ என்றிருந்தால் அது மண்ணிலிருந்து எடுத்தது. எங்கிருந்து வந்தது என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.