‘ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்துச்சு?’ ‘ஒண்ணுமில்ல’

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதிய இடைவேளை முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவேன். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்து தொடரும் பழக்கம். அப்போது தாளில் போனது, இப்போது கைப்பேசியில் போகிறது. அந்த முதல் ஆண்டுக் கடிதங்களை எடுத்துப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. தேர்வுத் தேதி, கட்டணம் கட்ட வேண்டிய தேதி, சீருடை பற்றி ஒரு நினைவூட்டல், கடைசியில் ‘தங்கள் ஒத்துழைப்பை நாடும்’. இத்தனை பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டடத்துக்குள் இருந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது.

ஒரு அம்மாதான் அதை மாற்ற வைத்தார். “தேதியெல்லாம் டைரியிலேயே இருக்கு மேடம். உள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு வரி எழுதுங்களேன். இவனைக் கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்.”

இந்த ‘ஒண்ணுமில்ல’ எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை எதையும் மறைக்கவில்லை. ஆறு வயதுக்காரனுக்கு ‘என்ன நடந்துச்சு’ என்பது கைக்குள் அடங்காத கேள்வி, அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்று அவனுக்குத் தெரியாது. அதுவும் பசியும் களைப்புமாக வாசலில் கால் வைக்கும்போதே கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உங்களை யாராவது அப்படிக் கேட்டால் நீங்களும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்வீர்கள்.

அதனால் இப்போதெல்லாம் என் கடிதத்தில் பிடித்துக்கொண்டு போக ஒரு நூல்முனை இருக்கும். ‘இரண்டாம் வகுப்பில் ஈரப் பஞ்சில் பயறு போட்டிருக்கிறோம். முதலில் வெளியே வந்தது வேரா, இலையா என்று கேளுங்கள்.’ ‘மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதைத் தொடங்கியிருக்கிறோம். நீங்கள் படித்த முறையைச் சொல்லித்தர வேண்டாம், பிள்ளையை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.’ பயறு வாரத்தில் ஒரு அப்பா அப்படியே கேட்டிருக்கிறார். வேர்தான் முதலில் என்றானாம் மகன். அப்புறம் யார் தண்ணீரைக் கொட்டியது, யாருடைய பயறு அழுகிப் போனது என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறான். கடைசியில் போகிற போக்கில், “என்கூட யாரும் சேர மாட்டேன்னுட்டாங்க, நான் தனியாத்தான் போட்டேன்” என்றானாம். திங்கட்கிழமை காலை அந்த அப்பா சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முப்பது பேர் உள்ள வகுப்பில் தனியாக உட்கார்ந்து அமைதியாக வேலை செய்யும் பிள்ளையை ‘சமர்த்து’ என்று நினைத்துக் கடந்துபோவது எங்களுக்கு எளிது. எளிது என்பதுதான் சிக்கல்.

கடிதம் எழுதி நானே மாட்டிக்கொண்ட கதையும் இருக்கிறது. ஒரு நாள் காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அன்று மாலை நான் அனுப்பியது ஒரே வரி: ‘இன்று சில குழந்தைகளுக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது, பெற்றோர் அச்சப்பட வேண்டாம்.’ அச்சப்பட வேண்டாம் என்று எழுதினால் வேறென்ன நடக்கும்? இரவு எட்டு மணிக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘சில குழந்தைகள்’ இருபது ஆகி, காரணம் குடிநீர்த் தொட்டி என்று முடிவாகி, மறுநாள் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு நேரே விடுப்பு. தவறு என்னுடையது. எண்ணிக்கையைச் சொல்லாத இடத்தில் அச்சம் தன் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்கிறது. அன்றிலிருந்து எத்தனை பேர், எந்த வகுப்பு, நாங்கள் என்ன செய்தோம், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எங்களுக்கு இன்னும் தெரியாதது எது என்று உடைத்து எழுதிவிடுகிறேன். பிள்ளையின் பெயரை மட்டும் எழுதுவதில்லை.

காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் இதே காட்சியைப் பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு உடம்பு சுடுகிறது. வீட்டில் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். எட்டரைக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வருகிறது. அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். பதினொன்றரை மணி வாக்கில் மேசையில் தலை சாய்ந்துவிடும். அதற்குள் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைக் கடித்து, அதன் தண்ணீர் பாட்டிலில் குடித்து, ஒரே கயிற்றில் இரண்டு பேருமாகக் குதித்தும் முடித்திருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோரின் நெருக்கடி எனக்குத் தெரியும், நானும் அப்படி ஒரு முறை என் மகளை அனுப்பியவள்தான். ஆனாலும் கேட்டுக்கொள்வது இதுதான்: மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுவதால், ‘இத்தனை பேர் இருக்கும்போது யார் கொடுத்தது’ என்று தேடுவதில் பயனில்லை. வெறும் மூக்கொழுகலுக்கெல்லாம் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. அப்படி நிறுத்த ஆரம்பித்தால் தொடக்கப் பள்ளிகளை இழுத்து மூட வேண்டியதுதான்.

பேன் பற்றி எழுதும் வாரத்தில்தான் எனக்கு அதிகமான தொலைபேசி அழைப்புகள் வரும். பெரும்பாலும் ‘எங்க வீட்டுல இல்ல மேடம்’ என்று தொடங்கும். பேனுக்கும் அழுக்குக்கும் தொடர்பே இல்லை, தினமும் குளிக்கும் தலையிலும் ஏறும். அதற்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் ஒரே படக்கதைப் புத்தகத்தின் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருக்கும்போது நடந்துதான் போகிறது. நாங்கள் அப்படிக் குனிந்து படிப்பதை விரும்புகிறோம் என்பது வேறு விஷயம். மருந்து தடவிய அன்றே வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே முதல் நாள் தப்பித்த ஈரிலிருந்து அடுத்த வாரம் புதுப்பேன் வந்துவிடும். ஒன்பது பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இடையில் ஈரத் தலையில் பேன்சீப்பு போட்டு வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, உங்கள் பிள்ளைக்கு இருந்தால் கூட்டாளிகளின் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு வீடு வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தால் வகுப்பு முழுவதும் மாதக்கணக்கில் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்.

பற்களைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆறு வயது வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவை நிலையான பற்கள். ‘பால்பல்தானே, விழுந்துடும்’ என்று விடப்பட்டு, எட்டு வயதில் குழி விழுந்த நிலையில் நான் பார்ப்பவை பெரும்பாலும் அவைதான்.

கண் விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று புகார். வகுப்பாசிரியர் இடம் மாற்றிப் பார்த்தார், கண்டித்தும் பார்த்தார். அறைக்கு அழைத்து நானும் நேர்மை பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். ஒரு வாரம் கழித்து, கரும்பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னபோது எழுந்து நான்கு அடி முன்னால் போய் நின்றுகொண்டு வாசித்தான். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கண்ணாடி வந்த மறுநாள், “மிஸ், மரத்துல இலையெல்லாம் தனித்தனியா தெரியுது” என்றான். அதுவரை எல்லோருக்கும் மரம் ஒரு பச்சைப் பொதியாகத்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான். தனக்குத் தெரியவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லாது, தெரிவது என்றால் எப்படியிருக்கும் என்று அதற்குத் தெரியாது. புருவத்தைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, தொலைக்காட்சியை ஒட்டி உட்காருவது ஆகியவற்றை வீட்டில் நீங்கள்தான் கவனிக்க முடியும். காதும் அப்படித்தான். சளி பிடித்துப் போன பிறகும் காதுக்குள் நீர் தங்கிச் சில வாரங்கள் கேட்கும் திறன் குறையலாம். அந்த வாரங்களில் ‘சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்ல’ என்று வீடும் பள்ளியும் சேர்ந்து திட்டிக்கொண்டிருக்கும்.

விடுப்பு பற்றிக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்பது பெரிதாகத் தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி என்றால் அது பத்தில் ஒரு பங்கு. 200 வேலைநாள் கொண்ட ஆண்டில் 20 நாள். ஐந்தாண்டுத் தொடக்கப் படிப்பில் 100 நாள், அதாவது அரை ஆண்டு. தினமும் பத்து நிமிடத் தாமதம் என்றால் ஆண்டுக்கு 33 மணி நேரம். நிமிடத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு: முப்பது முகங்களும் திரும்பிப் பார்க்க, பை தோளிலிருந்து நழுவ, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளையின் முகம். தாமதமாக வந்தது அது அல்ல, அதைக் கூட்டிவந்தவர்கள்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்காவது தூங்கியிருக்க வேண்டும். எத்தனை வீட்டில் நடக்கிறது என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

சரி, சண்டைக்கு வருவோம். ‘அவன் என்னை அடிச்சான்’ என்று பிள்ளை வந்து சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கதை நடுவிலிருந்துதான் தொடங்கியிருக்கும். “அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “அவன்தானே முதல்ல அடிச்சான்? வலிச்சுதா? மிஸ் பாக்கலையா?” என்று நான்கு முறை கேட்டால், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளை கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். பொய் சொல்வதாக அதற்கே தெரியாது, நாளடைவில் அதுவே அதன் நினைவாகவும் ஆகிவிடும். அப்புறம் நடந்ததை யாராலும் மீட்டெடுக்க முடியாது. அடித்த பிள்ளையின் பெயரை நாங்கள் ஏன் சொல்வதில்லை என்று கோபப்படுபவர்கள் உண்டு. என்ன நடந்தது, உங்கள் பிள்ளைக்கு என்ன செய்தோம், இனி எப்படிக் கவனிப்போம் என்பதை முழுவதுமாகச் சொல்வோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்பதை அந்த வீட்டோடு பேசுவோம். எல்லாப் பிள்ளையும் ஒரு நாள் யாரையாவது தள்ளிவிட்டிருக்கும், உங்கள் பிள்ளை உட்பட. இதை நான் சொன்னதும் சிலர் முகம் மாறும். மாறட்டும்.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்தி பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். எனக்கு உண்மையில் குறையாகப் படுவது எதிர்த்திசையில்தான். ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி மதியம் ஆனால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூப்பிட்டால் வராது, அழவும் அழாது. பாடம் கடினமா, யாராவது சீண்டுகிறார்களா என்று மூன்று வாரம் குழம்பினோம். அம்மா மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதமாகிறது என்று பாட்டி தற்செயலாகச் சொன்ன பிறகுதான் விளங்கியது. தினமும் மதியம் வீட்டுக்கு அழைத்துப்போக வருவது அம்மாவின் வேலையாக இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “வீட்டுக் கஷ்டத்தை ஸ்கூல்ல எதுக்கும்மா சொல்லிக்கிட்டு” என்றார் பாட்டி. நோயின் பெயர் எங்களுக்கு வேண்டாம். ‘வீட்டில் கொஞ்சம் மாற்றம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அளவு போதும். வீடு மாறுவது, புதுத் தம்பிப் பாப்பா, அப்பா வெளியூர் போனது, பெரியவர்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோனது எல்லாமே முதலில் தெரிவது பிள்ளையின் நடத்தையில்தான். காரணம் தெரியாவிட்டால் நாங்கள் அதற்கு அடம் என்று பெயர் வைத்துவிடுவோம்.

போன மாதம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் டைரியில் அவன் அப்பா எழுதியிருந்தது மொத்தம் இரண்டு வரி. ‘நேற்று இரவு எங்கள் நாய் இறந்துவிட்டது. இன்று கொஞ்சம் அழுவான்.’ முதல் பாடவேளை கணக்கு. வகுப்பாசிரியர் அவனிடம் கணக்கு நோட்டைக் கேட்கவில்லை, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நான் அந்தப் பக்கம் போனபோது நாயை வரைந்து முடித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். நாய்க்கு ஆறு கால். “ஏன்டா ஆறு?” என்றேன். தலையைத் தூக்காமலேயே சொன்னான்:

“ஓடுது மிஸ்.”